கறளைப் பூட்டி வைக்காதீர்கள்: கரையோரக் கார்களில் நாம் விடும் பிழைகள்

கராஜ் பாஸ் ஸ்குரூ டிரைவரின் முனையால் இடது பக்கப் பின்சில்லு வளைவில் மெதுவாக ஒரு குத்துக் குத்தினார். பிஸ்கட் உடைவதுபோல, நெளிவை நிரப்பப் பூசும் கட்டலோய்ப் பசையின் காய்ந்த துண்டொன்று கழன்று நிலத்தில் விழுந்தது. அதன் பின்னால் தகரம் இல்லை. மடித்துத் திணித்த பத்திரிகைத் தாள்தான் இருந்தது. ஈரத்தில் ஊறிப் பழுப்பாகியும், கிரிக்கெட் செய்தி ஒன்றின் பாதித் தலைப்பை இன்னும் வாசிக்க முடிந்தது.

"இது ஆரு செஞ்ச வேல தம்பி?"

"மேல உள்ள பெயின்ட் நான் அடிச்சது காக்கா. உள்ளுக்குக் கடதாசி இருந்தது எனக்குத் தெரியா."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வேலயத்தான் செஞ்சிருக்கீங்க. அவரு கடதாசிய வச்சு மூடினாரு. நீங்க உப்ப வச்சு மூடினீங்க."

அன்று காத்தான்குடிக் கராஜில் கேட்ட அந்தப் பேச்சுத்தான் இதை எழுத வைத்தது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை, கையில் இருந்ததை வைத்தே எல்லோரும் ஓடினோம். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காரையே தடவிக் கொடுத்தவர்கள் அதிகம். ஆகவே மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த வீதியில் நின்று பார்த்தாலும், பத்துப் பதினைந்து வயதுக் கார்கள் மேற்கூரையான ஹூட்டிலும் பொனட்டிலும் தோல் உரிந்தபடி போகும். உரிவது நம் குற்றமல்ல. உரிந்ததைப் பார்த்த பிறகு நாம் செய்வதில்தான் பிழை இருக்கிறது.

எது உரிகிறது என்று பார்க்காமல் தொடங்குவது

கம்பெனியில் அடித்த பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. தகரத்தை முழுவதுமாகத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் அடிப்பூச்சு முதலில். அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் நிறமில்லாத கிளியர். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூட. வெயிலைத் தாங்குவது மேலே இருக்கும் கிளியர். அதற்குள் கலந்திருக்கும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் வருடக் கணக்கில் வெயில் பட்டுத் தீர்ந்து போகும். அப்போது முதலில் வெளுக்கும், பிறகு ஓரம் தூக்கும், கடைசியில் வெங்காயத் தோல்போலக் கழன்று வரும். ஹூட்டும் பொனட்டும் முதலில் போவது உச்சி வெயில் அங்கேதான் நேரே விழுவதால்.

வெளுத்துப் போனதெல்லாம் உரிவதாக நினைக்க வேண்டாம். பழைய வான், லொறிகளில் கிளியரே இல்லாத ஒற்றைப் பூச்சு இருக்கும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு; கம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே பாதி உயிர் திரும்பும். துணியில் நிறம் வராமல், காரில் தேமல்போல வெள்ளைத் திட்டுகள் மட்டும் நின்றால் போனது கிளியர். அதற்கு எந்தப் பொலிஷும் மருந்தல்ல. மெஷின் வைத்துத் தேய்த்தால் மிச்சமிருக்கிற கிளியரும் போய்விடும்.

மூன்றாவது வகை, ஓரத்தில் நகத்தை வைத்தால் நிறமும் சேர்ந்து தகடாக உரிந்து, கீழே சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிவது. வெள்ளைக் கார்களில் இது பிரபலம். டொயோட்டாவின் 040, 070 என்ற வெள்ளை நிறங்களில் வெயில் மேற்பூச்சை ஊடுருவிப் போய் அடிப்பூச்சுக்கும் பிரைமருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது என்று கம்பெனியே ஏற்றுக்கொண்டு, 2019இல் அமெரிக்காவில் குறிப்பிட்ட சில மொடல்களுக்கு இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுக்க முன்வந்தது. இந்த வகைக்கு உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது வீண். பக்கத்தில் இன்னும் விழாமல் நிற்கும் பகுதியும் உள்ளுக்குள் பிடி விட்டுத்தான் இருக்கும். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால், அந்தப் பாகம் முழுவதையும் அடிப்பூச்சு வரை இறக்கித்தான் ஏற்ற வேண்டும்.

கறள் என்பது வேறு கதை. பெயின்ட் தட்டையாக உரிந்தால் அது மேலிருந்து வந்த நோய். சொறிபோலப் பொங்கி நின்றால் கீழிருந்து வந்தது. இரும்பு கறளாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்ட்டைத் தூக்குகிறது. வெளியில் ஒரு மிளகளவு பொங்கினால் உள்ளே ஒரு ரூபாய்க் குற்றியளவு பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், அனேகமாகப் பிழைக்காது.

கிணற்றுத் தண்ணீர்

இப்போது என் பிழை. நான் இருப்பது கல்லடியில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. காரை எங்கே நிறுத்தினாலும் உப்புக் காற்றுத்தான். அது தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தது, சாதாரண உப்பு, காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும் என்பது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்போ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நனையும். நம் கரையோரத்தில் இரவில் காற்றின் ஈரம் அந்தளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆக, மழையே பெய்யாத ஆடி மாதத்திலும், உப்புப் படிந்த தகரம் இரவெல்லாம் நனைந்துதான் கிடக்கிறது.

சில்லு வளைவில் பொங்கியிருந்த இடத்தை நானே சரிசெய்யலாம் என்று ஒரு போயா லீவில் இறங்கினேன். கம்பித் தூரிகையால் சுரண்டி, வாட்டர் பேப்பரை முற்றத்துக் கிணற்று வாளியில் நனைத்து நனைத்து உரஞ்சினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. அதில் தேத்தண்ணி போட்டால் ஒருவரும் குடிக்க மாட்டார்கள். குடிக்க உதவாத தண்ணீர் காருக்குப் போதும் என்று நினைத்தேன். காய விட்டு, பிரைமர், நிறம், கிளியர் என்று ஸ்பிரே டின்களைக் காலி செய்தேன். கண்ணாடிபோல வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாலு மாதத்தில் அந்த இடம் முழுவதும் வேர்க்குருபோலச் சின்னச் சின்னக் கொப்புளம். ஒன்றை ஊசியால் குத்தினேன். கறள் தூள் வரவில்லை. ஒரு துளி தண்ணீர் வந்தது.

ஊறுகாய்க்குத் தேசிக்காயை வெட்டி உப்புத் தடவி வைத்தால் தண்ணீர் விடுமல்லவா, அதே கணக்குத்தான். பெயின்ட் பார்க்க இறுக்கமாக இருந்தாலும் அதனூடாக நீராவி மெல்ல மெல்லப் போய்வரும். கீழே உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளமாக்கும். எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் கீழே உப்பிருந்தால் வேலை நிற்காது.

ஆகவே உரஞ்சுவதற்கும் கழுவுவதற்கும் பைப் தண்ணீர், இல்லாவிட்டால் ஓடிவரும் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைத் தண்ணீர். உரஞ்சத் தொடங்குமுன் ஒருமுறை, உரஞ்சி முடித்து ஒருமுறை, தாராளமாக ஊற்றிக் கழுவ வேண்டும். உடனே துணியால் துடைத்துக் காயவைத்து, தின்னரோ டீகிரீஸரோ நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்து, அன்றைக்கே பிரைமர். வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டால் காலையில் செம்மஞ்சளாக மெல்லிய கறள் படர்ந்திருக்கும். வாராவாரம் சும்மா கார் கழுவுவதற்கும் இதே நியாயம்தான். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், கழுவிய உப்பைவிடக் கூடவே பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சமையலறை வைத்தியம்

தேசிக்காய்ப் புளியும் உப்பும், வினாகிரி, கோலா. இவையெல்லாம் கறளைக் கரைக்கும்தான். கத்திக்கும் சாவிக்கும் சரி. காரில், தகர மடிப்புக்குள் இறங்கிய புளியை யார் போய்க் கழுவுவது? அதிலும் உப்பைச் சேர்ப்பவர்களை என்ன சொல்ல.

எண்ணெய் வைத்தியம் இன்னொன்று. மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், சிலர் தேங்காயெண்ணெய். கறளைக் கொஞ்ச நாள் அடக்கும். பிறகு பெயின்ட் அடிக்க நினைக்கும் நாளில், துடைத்தும் போகாத அந்த எண்ணெய்மேல் பெயின்ட் விலகி விலகிக் குழி விழும். சிலிக்கன் கலந்த டயர் பொலிஷ், டாஷ்போர்ட் பொலிஷும் அப்படித்தான். பெயின்ட் வேலை நடக்கும் கராஜில் அந்தப் போத்தலைத் திறக்கவே விடமாட்டார்கள்.

கறள் மாற்றி என்று கடையில் விற்கும் திரவம் இந்தக் கூட்டத்தில் சேராது. அது நல்ல சாமான். ஆனால் அதைப் பாவிக்கும் முறையில் பிழை விடுகிறோம். அதில் பல வகைகளில் இருப்பது டனின். வாழைப்பூ வெட்டும்போது இரும்புக் கத்தி கறுக்கிறதே, அதே வேலைதான்: கறளோடு சேர்ந்து கருநீலப் படலமாக இறுகும். அதற்குக் கறள் வேண்டும். பளபளவென்று தேய்த்த தகரத்தில் பூசினால் ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மறுபக்கம், பொருக்குப் பொருக்காகத் தடித்து நிற்கும் கறள்மேல் பூசினால் மேற்தோல் மட்டும் கறுத்து, உள்ளே பழைய நோய் அப்படியே இருக்கும். உதிர்வதையெல்லாம் சுரண்டிவிட்டு, குழிகளுக்குள் மிஞ்சும் மெல்லிய கறளுக்குத்தான் அது. பொஸ்பரிக் அமிலம் உள்ள வகையாக இருந்தால், டின்னில் சொன்ன நேரத்துக்குக் கழுவித் துடைக்காமல் மேலே எதையும் அடிக்கக் கூடாது.

பிரைமரோடு ஓடுவது

இதை நம் ஊரில் எத்தனை கார்களில் பார்க்கிறோம்! பாதி சாம்பல் நிறம், பாதி சொந்த நிறம். காசு வந்ததும் மிச்சத்தை அடிப்போம் என்று கராஜிலிருந்து எடுத்து வந்து ஆறு மாதம் ஓடுவார்கள். சாதாரண பிரைமர் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளச் செய்யப்பட்டது. தண்ணீரைத் தடுக்க அல்ல. பஞ்சுபோல ஈரம் குடிக்கும். ஆறு மாதம் கழித்து அதன்மேல் நிறம் அடித்தால் குடித்த ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். கட்டலோய் இன்னும் மோசம். அதைத் திறந்தபடி ஓர் இரவுகூடப் பனியில் விடக் கூடாது.

காசு முழுதாக இல்லையென்றால் கார் முழுவதையும் பிரைமர்வரை கொண்டுவர வேண்டாம். ஒரு கதவை எடுத்து முடியுங்கள். அடுத்த கதவு அடுத்த சம்பளத்துக்கு. வெறும் தகரத்துக்கு ஈரத்தைத் தடுக்கும் எபொக்ஸி பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கலந்து அடிக்கும் சிரமத்துக்காக வேண்டாம் என்பவர் உண்டு. அடிக்கச் சொல்லுங்கள்.

உரிகிற கிளியரின் மேலேயே புதுக் கிளியர் அடிப்பதும் இதே குடும்பத்துப் பிழை. பழைய ஓரம் பிடியை விட்டபடி இருக்க, புதியது அதைப் பிடித்துத் தொங்குகிறது. முதல் பிரஷர் வோஷுக்கே பறக்கும். உரியும் எல்லையைத் தாண்டிப் பிடிப்பான இடம்வரை போய், விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக உரஞ்ச வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படியை விரல் கண்டுபிடிக்கும். பெயின்ட் காய்ந்ததும் அது எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டைக்குக் கட்டலோய்

கட்டலோய் நெளிவை நிரப்பத்தான், ஓட்டையை அடைக்க அல்ல. ஓட்டை விழுந்த இடத்தில் பத்திரிகை, கம்பி வலை, ஃபைபர் என்று எதை வைத்துப் பூசினாலும், பின்பக்கம் திறந்துதான் இருக்கும். சில்லு தெறிக்கும் தண்ணீர் அங்கே போய் ஊறும். கறள் பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வதுதான் வேலை. வெல்டிங் சூட்டில் பின்பக்கத்துப் பூச்சு எரிந்துபோகும் என்பதையும் மறந்துவிடுவார்கள். உட்குழிக்குள் மெழுகு வகை ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள். அடிக்காவிட்டால் புதுத் துண்டு உள்ளிருந்தே கறள் கட்டத் தொடங்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சில்லு வளைவு, கதவின் அடி, டிக்கியின் ஓரம் என்று வைத்துக்கொண்டே போனால், பிடிக்காமல் நழுவும் இடத்தில் கட்டலோய் தடிப்பாக இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் 2019இல் கார் வாங்கப் போனபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கிரிக்கெட் செய்தியை அன்றைக்கே வாசித்திருக்கலாம்.

அழகுக்கு வெளியே ஒரு விஷயம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, காரைத் தூக்க ஜக் வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பூட்டும் இடம், சீற் பெல்ட் பூட்டும் இடம், இவற்றில் கறள் ஓட்டை விழுந்திருந்தால் அது பெயின்ட் பாஸின் வேலையே அல்ல. மோதும்போது காரைத் தாங்கும் எலும்பு அவை. அங்கே கட்டலோய் வைப்பது ஏமாற்று வேலை. அதைச் செய்து தரக்கூடிய ஆள் கிடைத்தாலும் செய்யச் சொல்லாதீர்கள்.

கீழே பார்க்காமல் இருப்பது

கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைத் தடவினால் சின்னத் துளைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற விட்ட வழி அது. என் காரில் மூன்றில் இரண்டு அடைத்திருந்தன. ஈர்க்குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீரும் கடல் மணலும் கலந்து ஒரு கோப்பையளவு வடிந்தது. மழை பெய்து ஒரு கிழமை கழிந்திருந்தது! பெயின்ட் அடிக்கும்போதும் சீலர் பூசும்போதும் இந்தத் துளைகளை அடைத்துவிடும் பாஸ்மார் இருக்கிறார்கள். காரை எடுக்கும்போது நீங்களே தடவிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு அடியில் வேப்பிலை சேரும் தட்டும் அப்படித்தான்.

சேவிஸ் முடிந்ததும் காரின் அடியில் பழைய ஒயிலையோ டீசலையோ அடித்து விடுவது முன்பு பெரிய உபகாரமாக நினைக்கப்பட்டது. அது ரப்பர் புஷ்களை ஊதிப் பழுதாக்கும், மண்ணை ஒட்ட வைக்கும். கறளைத் தடுப்பது கொஞ்சம்தான். தார்போன்ற அண்டர்சீலைக் கறளின் மேலேயே அடிப்பது இன்னும் கெடுதி. வெளியே கறுப்பாக அழகாய் இருக்கும். ஒரு வெடிப்பு விழுந்தால் போதும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீருக்குள் நின்ற கார்கள் பலவற்றில் வெளியைக் கழுவிக் காயவைத்தார்கள்; கால்மிதிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. தரைத் தகரம் கறளாவது அதற்கடியில்தான்.

கவர் போடுவதைப் பற்றிக் கேட்பார்கள். மணல் பறக்கும் கரையோரத்தில் ஈரக் காரின்மேல் பிளாஸ்டிக் கவர் போடுவதைவிடச் சும்மா நிழலில் விடுவது நல்லது. காகம் எச்சமிடாத நிழலாகப் பாருங்கள். எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியரை அரிக்கும்.

நாளும் நேரமும்

பெருநாளைக்கு, பொங்கலுக்கு, கலியாணத்துக்கு என்று மார்கழி மாரியில் பெயின்ட் அடிக்க நிற்பதுபோலப் பிழை வேறில்லை. தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிரில் தண்ணீர் பெயின்ட்டின்மேல் படிந்து பால்போல மங்கும். தகரம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொதுவான கணக்கு. அதற்காகக் கச்சான் காற்று அனலாக வீசும் மத்தியானத்தில் வெளியில் வைத்து அடித்தாலும் சரிவராது. பெயின்ட் தகரத்தில் படுமுன் காய்ந்து தூளாக விழும், புழுதியும் சேர்ந்து ஒட்டும். மாசி பங்குனியில், பனி காய்ந்த காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில், நிழலில். இதைவிட நல்ல நேரம் எங்கள் பக்கம் எனக்குத் தெரியாது.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி நெஞ்சுக்குள் போய் ஒருதரம் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சிழுக்கும் ஆஸ்துமாவாக வாழ்நாள் முழுவதும் தொடரலாம். முகத்தில் கைலேஞ்சி கட்டுவதும் கொரோனா காலத்து மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் விளையாடும் பக்கத்தில் அந்த வகையை அடிக்காதீர்கள். தகுந்த முகமூடியும் காற்றுப் போக்கும் உள்ள இடத்தில் அடிக்கட்டும்.

என் கார் இன்னும் முழுதாக முடியவில்லை. சில்லு வளைவுக்கு இரும்புத் துண்டு வைத்து, பைப் தண்ணீரில் கழுவி, பாஸ் முடித்துத் தந்துவிட்டார். பத்திரிகைத் துண்டை நான் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஹூட் மட்டும் பாதி உரிந்தபடி நிற்கிறது. ஐப்பசியில் கொண்டுபோய்க் கேட்டேன். வானத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப அடிச்சா மறுகா எனக்கிட்டத்தான் வருவீங்க, மாசிக்கு வாங்க தம்பி" என்றார்.